எல்லாம் ஒண்ணுதாம்மா!

மாத்திரையை மாற்றியிருக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் யாருடைய சொத்து கரைந்துவிடும்? வருடக்கணக்காக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மருந்து ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் மாறினார்கள், டாக்டர்கள் மாற்றலாகிப் போனார்கள், கவுன்சிலர்கள் சம்பளம் கட்டுப்படியாகாமல் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். பதில் மட்டும் மாறவில்லை. "எல்லாம் ஒண்ணுதாம்மா. கம்பெனிதான் வேற. வாங்கிட்டு நகருங்க, பின்னாடி ஆள் நிக்குது."

எச்.ஐ.வி.யோடு வாழும் எங்களுக்கு நகர்வதற்குச் சொல்லித்தர வேண்டுமா? குடியிருந்த வீட்டிலிருந்து நகர்ந்தோம். கல்யாணப் பந்தியில் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்தோம். ஆஸ்பத்திரி வார்டில் கடைசிக் கட்டிலுக்கு நகர்த்தப்பட்டோம். அப்படிப்பட்டவர்கள் இந்த ஜன்னலில் மட்டும் ஒரு நிமிஷம் நின்று, "போன தடவை இப்படி இல்லையேங்க" என்று கேட்டால் அது அதிகப்பிரசங்கித்தனம் ஆகிவிடுகிறது.

என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர்க் கம்பெனி மாத்திரை மட்டம், வெளிநாட்டு மாத்திரைதான் உசத்தி என்று பேசுகிற கூட்டத்தோடு எனக்குச் சேர்த்தி இல்லை. அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். 2001-க்கு முன்னால் எச்.ஐ.வி. கூட்டு மருந்துக்கு மேல்நாட்டுக் கம்பெனிகள் வாங்கிய விலை, ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். அந்த வருடம் பிப்ரவரியில் சிப்லா கம்பெனியின் யூசுஃப் ஹமீது, 350 டாலருக்குத் தருகிறேன் என்றார். 1970-ஆம் வருடச் சட்டம் மருந்தின் செய்முறைக்கு மட்டும் காப்புரிமை தந்து, மருந்துக்கே தராமல் விட்டதால்தான் அவரால் அப்படிச் சொல்ல முடிந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க ஏழை நாடுகள் வாங்கும், டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ரவிர் மூன்றும் சேர்ந்த டி.எல்.டி. மாத்திரைக்கு, எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியம் 2023-ல் பேசி முடித்த விலை வருடத்துக்கு 45 டாலருக்கும் கீழே. அதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் ஹைதராபாத்திலும் மும்பையிலும் இருக்கிற நம் கம்பெனிகள்தான். ஜெனரிக் மாத்திரை இல்லையென்றால் என் மகளுக்கு அப்பாவோடு சேர்த்து அம்மாவும் போயிருப்பாள்.

என் வீட்டுக்காரர் போனது 2005-ல். நாமக்கல் பக்கம் லாரி ஓட்டியவர். காரியம் முடிந்து ஈரம் காயுமுன்பே எனக்கு ரத்தம் எடுத்தார்கள். இலவச மருந்து வந்து அப்போதுதான் ஒரு வருடம் ஆகியிருந்தது; 2004 ஏப்ரல் 1-ல் தாம்பரம் சானடோரியத்தில் தமிழ்நாட்டுக்குத் தொடங்கியது. ரத்தத்தில் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கையான சி.டி.4 இருநூறுக்குக் கீழே இறங்கினால்தான் மருந்து என்ற காலம். எனக்குச் சீக்கிரமே இறங்கிவிட்டது. அதற்குச் சந்தோஷப்பட்டவர்களும் எங்களில் உண்டு, தெரியுமா? எண்ணிக்கை குறைந்தால்தானே மாத்திரை கிடைக்கும்.

அன்றைக்குக் கொடுத்தது ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரப்பின் மூன்றும் சேர்ந்த மாத்திரை. உயிரைக் கொடுத்தது அதுதான். முகத்தைப் பறித்ததும் அதுதான். ஸ்டாவுடின் கன்னத்துக் கொழுப்பையும் கை கால் கொழுப்பையும் உருக்கிவிடும். கன்னம் இரண்டும் உள்ளே போய், கையில் நரம்பு கயிறாகத் தெரியும். பாதம் ராத்திரி முழுக்கத் திகுதிகுவென்று எரியும். நோயை மறைக்க நான் பட்ட பாடெல்லாம் வீணாகி, முகமே தண்டோரா போட்டது. இந்த மருந்தை விட்டு மாறுங்கள், இதன் கெடுதல் திரும்பாதது என்று உலக சுகாதார நிறுவனம் 2009 கடைசியில் உலகத்துக்கே சொல்லிவிட்டது. அது எங்கள் ஜன்னலுக்கு வந்துசேர அதற்கு மேலும் காலம் பிடித்தது. வந்தபோதாவது யாராவது உட்கார வைத்து, "இந்த மாத்திரையால்தான் உங்கள் கன்னம் இப்படி ஆனது, அதனால் மாற்றுகிறோம்" என்று சொன்னார்களா? "இனிமே இதுதான்" என்று வேறு டப்பா வந்தது. கன்னம் ஏன் போனது என்று பிற்பாடு எச்.ஐ.வி. உள்ளவர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் சங்கத்துக் கூட்டத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் சிடோவுடின் வந்தது. ரத்தம் குறைந்து நகம் கறுத்தது. அப்புறம் டெனோஃபோவிரோடு எஃபாவிரென்ஸ். ராத்திரி போட்டால் விடியவிடியச் சினிமா மாதிரி கனவு. 2021 வாக்கில் எஃபாவிரென்ஸ் போய் டோலுடெக்ரவிர் வந்தது. நல்ல மருந்து, கனவு நின்றது. ஆனால் இதோடு சுண்ணாம்புச் சத்து மாத்திரையோ இரும்புச் சத்து மாத்திரையோ வெறும் வயிற்றில் சேர்ந்து போனால் மருந்து உடம்பில் ஏறாது. சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் டோலுடெக்ரவிரை இரண்டு மணி நேரம் முன்னதாகவோ ஆறு மணி நேரம் கழித்தோ போட வேண்டும். ஐம்பதைத் தொட்ட பெண்களில் பாதிப் பேர் சுண்ணாம்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறோம். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை.

மருந்தே மாறிய கதை இது. ஒரே மருந்துக்குள் கம்பெனி மாறிய கதை இதைவிட நீளம். டெல்லியில் டெண்டர் விடுகிறார்கள். விலை குறைத்துக் கேட்டவர்களுக்கு ஆர்டர் போகிறது. சில சமயம் ஒரே ஆர்டரை இரண்டு மூன்று கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அதனால் ஒரு தடவை வெள்ளையாக நீளமாக வரும். அடுத்த தடவை மஞ்சளாக வரும். இன்னொரு தடவை தொண்டையில் குறுக்கே நிற்கிற அளவுக்குப் பருமனாக வரும். வாயில் வைத்த உடனே கசப்பு இறங்குவதும் உண்டு, டப்பாவைத் திறந்ததுமே பெயின்ட் வாடை அடிப்பதும் உண்டு. நான் வாங்கிய டப்பாக்களில் தமிழில் ஒரு எழுத்து இருந்ததில்லை.

இதற்கு நடுவே எங்களுக்கு வகுப்பு வேறு. ஒரு வேளை தவறக் கூடாது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வேளையாவது சரியாகப் போட வேண்டும். உங்கள் மாத்திரையை அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், வேறு எதையும் போட்டுவிடாதீர்கள். அடுத்த முறை வரும்போது டப்பாவைக் கொண்டுவாருங்கள், மிச்சத்தை எண்ணிப் பார்ப்போம். எல்லாம் நியாயமான பேச்சு. படிக்கத் தெரியாதவருக்கு அடையாளம் என்றால் என்ன? நிறமும் வடிவமும்தானே. அடையாளம் தெரிந்து வை என்று சொன்ன அதே கை, சொல்லாமல் கொள்ளாமல் அடையாளத்தை அழிக்கிறது.

எங்கள் சங்கத்துக்கு ஒரு பெரியம்மா வருவார். பழைய டப்பாவில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தார். நாள் தள்ளிப்போனால் உதவும் என்று எல்லோரும் செய்வதுதான். புது டப்பா வேறு நிறத்தில் வந்தது. எக்ஸ்ட்ராவாக இன்னொரு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து, இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். "நோய் முத்திப்போச்சாட்டம், அதான் ரெண்டா குடுக்கறாங்கன்னு நெனச்சேன் கண்ணு" என்றார் என்னிடம். டெனோஃபோவிர் சிறுநீரகத்தில் கை வைக்கிற மருந்து. அளவாகப் போட்டாலே கிரியேட்டினின் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் இரட்டிப்பாக விழுங்கிக்கொண்டிருந்தார். விஷயம் வெளியே வந்தபோது மருந்து தரும் சென்டரில் அவருக்குக் கிடைத்தது திட்டு. "ஏம்மா, கேட்கத் தெரியாதா?" கேட்டால் நகருங்க என்கிறீர்கள், கேட்காவிட்டால் வாயில்லையா என்கிறீர்கள். அந்தப் பெரியம்மா எந்த வாயால்தான் பேசுவது?

இதற்கு நேர்மாறாக ஒரு பையன். பிறவியிலேயே வந்தது அவனுக்கு, காலேஜ் படிக்கிறான். மாத்திரை மாறி வந்ததும், யாருடைய மருந்தையோ தனக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று பயந்து போடாமலே வைத்துவிட்டான். திரும்பப் போய்க் கேட்க வெட்கம். ஜன்னலில் சத்தமாகப் பதில் சொல்வார்களே, வரிசையில் தெரிந்தவர் யாராவது நின்றால்? ரத்தத்தில் கிருமியின் அளவு, அதாவது வைரல் லோடு, ஏறியது. "ஒழுங்கா சாப்பிடாததுனால வந்த வினை" என்று அவனுடைய சிகிச்சைப் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். அந்த வரி அவனோடு எல்லா டாக்டரிடமும் போகும். மாத்திரையின் நிறம் மாறியதற்கு எங்கே எழுத்து இருக்கிறது? எந்தத் தேதியில் எந்தக் கம்பெனி மாத்திரை எனக்குக் கொடுத்தீர்கள் என்று என் புத்தகத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. தப்பு எப்போதும் எங்கள் பக்கத்துக் கட்டத்தில்தான் விழும்.

இதெல்லாம் படிக்காத ஜனங்களின் குழப்பம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில், பாஸ்டனில், படித்தவர்கள் நிறைந்த ஊரில், இதை ஆராய்ந்தார்கள். மாரடைப்பு வந்து மாத்திரை சாப்பிடுகிறவர்களைப் பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள்: அதே மருந்து நிறம் மாறி வந்தால், சாப்பிடுவதை நிறுத்திவிடும் வாய்ப்பு 34 சதவீதம் கூடுகிறது; வடிவம் மாறினால் 66 சதவீதம். வலிப்பு மாத்திரையிலும் அதற்கு முந்தைய வருடம் இதே கதைதான் வந்தது. வெள்ளைக்காரன் குழம்பினால் ஆராய்ச்சி, பெரியம்மா குழம்பினால் திட்டு.

இனி அந்த "எல்லாம் ஒண்ணுதான்" பேச்சுக்கு வருகிறேன். ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆரோக்கியமான ஆட்கள் சிலருக்கு மூல மருந்தையும் ஜெனரிக்கையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கிறார்கள். கணக்கு 80 சதவீதத்துக்கும் 125 சதவீதத்துக்கும் நடுவே விழ வேண்டும். இதைக் கேட்டு, அப்படியானால் 20 சதவீதம் குறைவாகவும் இருக்குமா என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அப்படியில்லை, அது சந்தேகத்துக்கு இடம் வைத்துப் போடுகிற எல்லை. அமெரிக்க மருந்து நிர்வாகம் பன்னிரண்டு வருடத்தில் வந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகளைக் கூட்டிப் பார்த்தபோது, உடம்பில் ஏறும் அளவில் சராசரி வித்தியாசம் மூன்றரை சதவீதம் அளவில்தான் இருந்தது. இரண்டு ஜெனரிக்குகளை ஒன்றோடொன்று வைத்து யாரும் சோதிப்பதில்லை என்பதும் உண்மை, அதனால் பெரிதாகக் கெடுதல் இல்லை என்பதும் உண்மை. தையல்காரி எனக்கே இது புரிகிறது. புரியும்படி எங்களுக்குச் சொல்ல உங்களுக்கு ஏன் மனசு வரவில்லை?

நாங்கள் சந்தேகப்படுவதும் ஒன்றும் வானத்திலிருந்து குதித்து வந்த சந்தேகம் இல்லை. 2004-ல் சிப்லாவின் இரண்டு எச்.ஐ.வி. மருந்துகளையும் ரான்பாக்ஸி கம்பெனியின் மூன்றையும் உலக சுகாதார நிறுவனம் தன் பட்டியலிலிருந்து எடுத்தது. மருந்தில் சத்தில்லை என்று நிரூபணம் ஆகவில்லை. சோதனை செய்துகொடுத்த ஆய்வகத்தின் பதிவுகள் சரியில்லை. வருடக் கடைசியில் ரான்பாக்ஸி தன் எச்.ஐ.வி. மருந்துகள் எல்லாவற்றையும் தானே பட்டியலிலிருந்து விலக்கிக்கொண்டது. பிற்பாடு சோதனைகளைத் திரும்பச் செய்து மருந்துகள் பட்டியலுக்கு வந்தன. ஆனால் அதே ரான்பாக்ஸி, தரம் கெட்ட மருந்துகளை விற்றதையும் பொய்த் தகவல் கொடுத்ததையும் 2013-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டியது. அந்தக் கம்பெனிக்குள்ளேயே வேலை பார்த்த தினேஷ் தாக்கூர் வாயைத் திறக்காவிட்டால் அது வெளியே வந்திருக்குமா? கேள்வி கேட்டவர் ஒருவர் இருந்ததால்தான் மருந்து சுத்தமானது. எங்கள் கேள்வி மட்டும் ஏன் தொந்தரவாகப் படுகிறது?

இவர்கள் கணக்கிலேயே வராத ஒன்று இருக்கிறது. மாத்திரை மாறினால் நாங்கள் சொல்லி வைத்திருக்கிற பொய்யையும் மாற்ற வேண்டும்.

என் மகளுக்கு நோய் இல்லை. நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தேன். அவள் வீட்டில் என் விஷயம் யாருக்கும் தெரியாது, மாப்பிள்ளைக்கும் தெரியாது. பேரன் பிறந்தபோது போய்த் தங்கியிருந்தேன். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை என்று சொல்லி வைத்திருந்தேன். டப்பாவிலிருந்து எடுத்து வேறு பாட்டிலில் போடக் கூடாது, ஈரம் ஏறிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு அதே டப்பாவில் வைத்திருப்பேன். எங்களில் எல்லோருக்கும் இந்தச் சுரண்டல் கைவந்த வேலை. மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிற பெரிய டப்பா பஸ்ஸில் கலகலவென்று குலுங்கும். சத்தம் வராமலிருக்கப் பஞ்சைத் திணிப்போம். அந்த வீட்டில் இருந்தபோது பழைய டப்பா தீர்ந்து புதுசைத் திறந்தேன். சம்பந்தியம்மா கண்ணில் பட்டுவிட்டது. "வெள்ளையா இருந்துச்சே, இப்ப வேற நெறமா இருக்குது? எந்த டாக்டருங்க சம்பந்தி? எனக்கும் முட்டி வலி உசுரு போகுது, ஒண்ணு குடுங்களேன், போட்டுப் பாக்கறேன்."

கை நீட்டிக்கொண்டு நிற்கிறார். என்ன செய்வீர்கள்? எச்.ஐ.வி. மாத்திரையைத் தூக்கிக் கொடுப்பதா? கொடுக்காவிட்டால், ஒரு மாத்திரைக்குக்கூடக் கஞ்சத்தனம் என்ற பேரை என் மகள் சுமப்பதா? உங்களைப் போல் சர்க்கரை உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பித்தேன். இனி அந்த வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் எலும்புத் தேய்மானத்தோடு சர்க்கரையையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மாதம் நிறம் மாறப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பழைய மாத்திரையில் கொஞ்சம் மிச்சம் பிடித்துக் கையில் வைத்திருப்பேன். இல்லை, பயணத்தைத் தள்ளிப்போட்டிருப்பேன். இதையெல்லாம் டெண்டரில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மாத்திரையே வராத காலமும் பார்த்தோம். 2022-ல் நாட்டின் பல இடங்களில் டோலுடெக்ரவிர் கையிருப்பு தீர்ந்தது. ஜூலையில் எங்கள் ஆட்கள் டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோவின் அலுவலக வாசலில் போய் உட்கார்ந்தார்கள். மழையிலும் எழவில்லை, ஒரு மாதத்துக்கு மேல். அரசாங்கம் பற்றாக்குறையே இல்லை என்றது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தச் சமயத்தில் கிடைத்ததைக் கொடுத்தார்கள். சேர்ந்து வந்த மாத்திரை தனித்தனியாக வந்தது. மாதக் கணக்கில் தருவது நாள் கணக்கில் சுருங்கியது. பஸ் செலவும் அன்றைய கூலியும் எங்கள் தலையில். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். தனித்தனியாக வந்த மாத்திரைகளில் எது எப்போது என்று கேட்டதற்கும் அதே பதில்தான் வந்தது பாருங்கள், அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கென்றே சட்டம் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. விவரம் சொல்லிச் சம்மதம் வாங்காமல் எச்.ஐ.வி. உள்ளவருக்குச் சிகிச்சை தரக் கூடாது என்கிறது ஐந்தாவது பிரிவு. மருந்து தருவதைப் பற்றிப் பேசும் 14-வது பிரிவில் மட்டும் "இயன்ற வரையில்" என்று ஒரு வால். அந்த வாலை வெட்டச் சொல்லி எங்கள் அமைப்புகள் அப்போதே கத்தின, வெட்டவில்லை. சரி, மருந்து கொடுப்பது இயன்ற வரையில் என்றால், விவரம் சொல்வதற்குமா? அதற்கு எந்த டெண்டர் விட வேண்டும், எந்தக் கோப்பு நகர வேண்டும்?

ரேஷன் கடையில் போர்டு மாட்டி, இன்றைக்கு அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு என்று எழுதுகிறார்கள். பாமாயில் வாங்கினால் செல்போனுக்கு மெசேஜ் வருகிறது. எங்களுக்கு மெசேஜ் வேண்டாம் சாமி. யார் கண்ணிலாவது பட்டால் குடும்பம் போகும். சென்டர் சுவரில் பழைய மாத்திரையையும் புது மாத்திரையையும் ஒட்டி, இரண்டும் ஒரே மருந்து, இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள் என்று தமிழில் எழுதி வையுங்கள். முந்தைய தடவை வரும்போதே, அடுத்து வேறு நிறத்தில் வரும் என்று காதோடு சொல்லுங்கள். புத்தகத்தில் கம்பெனிப் பெயருக்கு ஒரு கட்டம் போடுங்கள். பழைய மிச்சம் இருந்தால் முதலில் அதைத் தீர்க்கச் சொல்லுங்கள். செலவு என்று பார்த்தால் ஒரு சார்ட் பேப்பரும் கொஞ்சம் பசையும்.

1998-லேயே சென்னையில் பி. கௌசல்யாவும் கூட இருந்த பெண்களும் பாசிட்டிவ் பெண்களுக்கென்று ஒரு அமைப்பைக் கட்டி, எங்களைப் பற்றி எங்களிடம் பேசுங்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். அன்றைக்கு எங்கள் கைக்கு எட்டுகிற மாத்திரையே இல்லை. இன்றைக்கு மாத்திரை இருக்கிறது, பேச்சைத்தான் காணோம்.

அடுத்த டெண்டரை எந்தக் கம்பெனி எடுத்தது என்பது டெல்லிக்குத் தெரியும். லாரி கிளம்பும்போது சென்னைக்குத் தெரியும். பெட்டியைப் பிரிக்கிறபோது மாவட்டத்துக்குத் தெரியும். அந்தப் பெரியம்மாவிடம் சொல்லப்போவது யார்? டாக்டரைக் கேட்டால் பார்மசியில் சொல்வார்கள் என்கிறார். பார்மசியில் கேட்டால் அது கவுன்சிலர் வேலை என்கிறார்கள். கவுன்சிலரைக் கேட்டால் எனக்கே தெரியாதும்மா என்கிறார். மூன்று பேரும் ஒரே கட்டிடத்தில்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்குள் பேசி ஒருவரை முடிவு செய்யுங்கள். அவர் பெயரை எழுதி அந்த ஜன்னலுக்கு மேலே ஒட்டுங்கள்.